காடு இல்லாத ஊரில் காட்டுப் படிப்பா?

போன இதழில் மேற்படிப்புகளைப் பற்றிப் பேசும்போது காட்டுச் சூழலியல் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. சரி, இந்த முறை முழுக்க அதுதான். ஒரே மாதிரி இருந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

உயிரியலில் பட்டம் முடித்துவிட்டு ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க பிப்பெட்டும் கையுமாக இருந்து அலுத்துவிட்டது. காட்டுச் சூழலியலில் மாஸ்டர்ஸ் செய்ய ஆசை. ஆனால் சிங்கப்பூரில் காடு எங்கே இருக்கிறது, வெளிநாடு போனால்தான் உண்டு என்கிறார்கள் தோழிகள். எந்தப் பல்கலைக்கழகம் நல்லது? — வாசகி, உட்லண்ட்ஸ்

கடைசியாகக் கேட்டதைக் கடைசியிலேயே வைத்துக்கொள்வோம். தோழிகள் சொல்வது பாதி சரி. இந்தத் தீவின் பழைய காட்டில் 95 விழுக்காட்டுக்கு மேல் போய்விட்டது. 19ஆம் நூற்றாண்டில் கம்பீர் (தோல் பதனிடப் பயன்பட்ட செடி), மிளகுத் தோட்டங்களுக்காக வெட்டியதுதான் அதில் பெரும்பகுதி, அப்புறம் ரப்பர், அப்புறம் ஊர். மிச்சம் இருப்பதில் பேர் பெற்றது புக்கிட் தீமா. குன்றின் உயரம் 163 மீட்டர் சொச்சம், வனப்பகுதியின் பரப்பும் கிட்டத்தட்ட 163 ஹெக்டர். தற்செயல்தான், ஆனால் நினைவில் வைத்துக்கொள்ள வசதி.

இவ்வளவுதானா என்று நினைத்துவிடாதீர்கள். 1993இல் அங்கே 2 ஹெக்டரை அளந்து நிரந்தர ஆய்வுப் பகுதியாக்கினார்கள். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் நடத்தும் உலக வலையமைப்பில் அதுவும் சேர்த்தி. அந்த 2 ஹெக்டருக்குள் 300க்கும் மேற்பட்ட மர இனங்கள். இந்த வகை ஆய்வுப் பகுதிகளுக்கெல்லாம் மூத்தது பனாமாவில், பாரோ கொலராடோ தீவில் இருக்கிறது, 1980இல் ஸ்டீபன் ஹப்பலும் ராபின் ஃபாஸ்டரும் தொடங்கியது. அது 50 ஹெக்டர். அதில் இருப்பதும் ஏறக்குறைய 300 இனங்கள்தான்! எம்ஆர்டியில் இறங்கி நடந்தே போய்ச் சேரக்கூடிய இடத்தில் இப்படி ஒன்று இருப்பது எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

அங்கே நடக்கும் வேலை என்னவென்றால், ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிப்புள்ள ஒவ்வொரு மரத்துக்கும், விரல் தடிமன் கன்று உட்பட, எண் பொறித்த தகடு மாட்டி, தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் நாடாவைச் சுற்றி அளந்து, பலகை வேர் ஓடியிருந்தால் ஏணி போட்டு அதற்கும் மேலே அளந்து, இனம் பார்த்து எழுதிக்கொண்டு, சில வருஷம் கழித்து மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்வது. ஏன் இந்தப் பாடு? குளிர் நாட்டு மரமென்றால் வளையத்தை எண்ணி வயது சொல்லிவிடலாம். நம் பக்கத்து மழைக்காட்டு மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையம் தெளிவாக விழுவதில்லை, வளர்ச்சி நிற்கும் பருவமே இல்லையே. அளந்துவிட்டுக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி குறைவு.

இங்கேதான் உங்கள் படிப்புக்கும் காட்டுக்கும் ஒரு சிக்கல். மாஸ்டர்ஸ் என்பது ஒன்று அல்லது இரண்டு வருஷம். காடு அந்தக் கணக்கில் இயங்குவதில்லை. இப்பகுதிக் காடுகளில் ஓங்கி நிற்பவை டிப்டெரோகார்ப் மரங்கள், நம் ஊர்க் குங்கிலியத்தின் குடும்பம். அவை பல வருஷங்களுக்கு ஒருமுறைதான், பெரும்பாலும் பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவை ஒட்டி, ஊரே சொல்லிவைத்ததுபோல் சேர்ந்து பூக்கும். இடைப்பட்ட வருஷங்களில் விதையே கிடைக்காது. “செராயா விதைகள் முளைப்பது பற்றி ஆய்வு” என்று (செராயாவும் இந்தக் குடும்பத்து மரம்தான்) ஆசையாகத் தலைப்பு எழுதிக்கொண்டு வந்து சேர்ந்தால், அந்த வருஷம் ஒரு பூகூட இல்லாமல் போகலாம். அதனால், பல்கலைக்கழகத்தைத் தேடுவதற்கு முன்னால் இரண்டைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்: எந்தக் காடு, என்ன கேள்வி. அந்தக் கேள்விக்கு உங்களிடம் இருக்கும் காலத்தில் பதில் கிடைக்குமா, அல்லது ஏற்கெனவே யாரோ முப்பது வருஷம் அளந்து வைத்த தரவில் கிடைக்குமா என்று பாருங்கள். இரண்டாவது வழி கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. நல்ல ஆய்வேடுகள் பல அப்படி வந்தவைதான்.

அப்புறம், பாடவழியா ஆய்வுவழியா என்பது. இந்த வித்தியாசத்தைப் பலர் விண்ணப்பம் போட்ட பிறகுதான் கவனிக்கிறார்கள். பாடவழிப் படிப்பில் வகுப்பு, தேர்வு, ஒரு சின்னத் திட்டப்பணி. கட்டணம் உங்கள் தலையில். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பல்லுயிர்ப் பாதுகாப்பையும் இயற்கை சார்ந்த பருவநிலைத் தீர்வுகளையும் சேர்த்து நடத்தும் முதுநிலைப் படிப்பு இந்த வகை. ஆய்வுவழியில் பாடம் குறைவு, ஒரு பேராசிரியரின் கீழ் ஆய்வேடு எழுத வேண்டும். அதற்கு முதலில் வேண்டியது உங்களை ஏற்றுக்கொள்ளும் வழிகாட்டி. அதே பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறையிலும், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆசியச் சுற்றுச்சூழல் பள்ளியிலும் வெப்பமண்டலக் காடு பற்றி வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எழுதும்போது “உங்கள் ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும்” என்று மொட்டையாக எழுதாமல், அவர்களுடைய கட்டுரை ஒன்றை உட்கார்ந்து படித்து, அதில் புரியாத ஓர் இடத்தைக் கேட்டு எழுதுங்கள். பதில் வருவதற்கு அதில்தான் வாய்ப்பு அதிகம்.

வெளிநாடு என்றால், நெதர்லாந்தின் வாகனிங்கனில் காடு, இயற்கைப் பாதுகாப்பு என்றே பெயர் வைத்து இரண்டு வருஷப் படிப்பு உண்டு. அமெரிக்காவில் யேல் 1900இலிருந்து காட்டியல் சொல்லிக்கொடுக்கிறது, அங்கே கட்டணம் கண்ணைக் கட்டும், உதவித்தொகை இல்லாமல் யோசிக்காதீர்கள். ஆனால் வெப்பமண்டலக் காடுதான் உங்கள் விருப்பம் என்றால், ஐரோப்பாவுக்குப் போய்ப் படித்து, களப்பணிக்கு மறுபடி போர்னியோவுக்குப் பறந்து வருவது கொஞ்சம் சுற்றுவழிதான். ஜொகூர் பாலத்தைத் தாண்டி நெகிரி செம்பிலான் போனால் பாசோ காடு இருக்கிறது. 50 ஹெக்டர், 800க்கும் மேற்பட்ட மர இனங்கள், 1980களின் பிற்பாதியிலிருந்து அளக்கிறார்கள். செர்டாங்கில் புத்ரா மலேசியப் பல்கலைக்கழகத்தில் காட்டியலுக்குத் தனிப் புலமே உண்டு. நம் ஆட்கள் ஏனோ அந்தப் பக்கம் திரும்பியே பார்ப்பதில்லை. லண்டன் என்றால்தான் படிப்பு என்று ஒரு நினைப்பு.

என் மகள் காட்டுச் சூழலியலில் மேற்படிப்பு படிக்கப் போகிறேன் என்கிறாள். “மரம் நடுவதற்கு மாஸ்டர்ஸா?” என்று அவள் சித்தப்பா கேலி செய்கிறார். கேலி இருக்கட்டும், படித்து முடித்தால் வேலை கிடைக்குமா? — ஒரு தாய், தெம்பனிஸ்

அம்மா, சித்தப்பாவுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 2020இல் பத்து லட்சம் மரம் நடும் இயக்கத்தைத் தேசியப் பூங்காக் கழகம் தொடங்கியது அவருக்கும் தெரிந்திருக்கும். குழி தோண்ட மாஸ்டர்ஸ் வேண்டாம். எந்த மண்ணில் எந்தக் கன்று நிற்கும், எதை எதன் நிழலில் வைக்க வேண்டும், இருவாச்சிக்கும் பழம் வேண்டும், அழுங்கு என்கிற பங்கோலின் நடமாட்டத்துக்கும் இடம் வேண்டும் என்றால் என்ன செய்வது, இதெல்லாம் யாராவது படித்துத்தானே சொல்ல வேண்டும்?

வேலை விஷயத்தில் உங்களிடம் சர்க்கரை தடவிப் பேச விரும்பவில்லை. இது சின்னத் தீவு. கணினி படித்தவருக்குக் கிடைப்பதுபோல் வாரத்துக்கு நான்கு நேர்முகம் கிடைக்காது. முதல் வேலை ஏதாவது ஒரு பேராசிரியரின் திட்டத்தில் ஆய்வு உதவியாளராக, ஒப்பந்தத்தில் அமையத்தான் வாய்ப்பு அதிகம். அந்தக் காலத்தில் வீட்டுக் கடனுக்கு இவள் சம்பளத்தை நம்பியிருக்கும் நிலை இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

ஆனால் கதவு ஒன்றல்ல. பூங்காக் கழகம் தவிர, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் ஆலோசனை நிறுவனங்கள் இருக்கின்றன. குறுக்குத் தீவு ரயில் பாதை மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டுக்கு அடியில் போகலாமா, சுற்றிக்கொண்டு போகலாமா என்று பல வருஷம் விவாதம் நடந்ததே, 2019 கடைசியில்தான் அடியிலேயே, சுமார் 70 மீட்டர் ஆழத்தில் போகட்டும் என்று முடிவானது. அந்த முடிவுக்கு முன்னால் காட்டுக்குள் போய் என்னென்ன உயிர் இருக்கிறது என்று பட்டியல் எடுக்க ஆள் வேண்டியிருந்தது. இன்னொன்று கார்பன். கார்பன் வரி 2019இல் டன்னுக்கு 5 வெள்ளியாக வந்தது, 2024இல் 25 ஆனது, 2026இல் 45. வரி கட்டவேண்டிய நிறுவனங்கள் தங்கள் உமிழ்வில் 5 விழுக்காடு வரை வெளிநாட்டுக் கார்பன் வரவுகளை, அதாவது அங்கே உமிழ்வைக் குறைத்ததற்கான சான்றுகளை, கொண்டு ஈடுகட்டலாம் என்று அரசு அனுமதித்திருக்கிறது. பாப்புவா நியூகினி, கானா போன்ற நாடுகளோடு இதற்கு ஒப்பந்தங்களும் உண்டு. அந்த வரவுகளில் காடு சம்பந்தப்பட்டவையும் வரும். காட்டைக் காப்பாற்றினோம், இத்தனை டன் மிச்சம் என்று ஒருவர் தாளில் எழுதிக் கொடுத்தால், அது நிஜமா என்று சரிபார்க்க மரத்தை அளக்கத் தெரிந்த ஆள் வேண்டும். மரத்தின் தடிப்பு, உயரம், கட்டையின் அடர்த்தி மூன்றையும் வைத்து எடையைக் கணக்கிட்டு, அதில் ஏறக்குறைய பாதி கார்பன் என்று எடுப்பார்கள். கேட்க எளிது, இதில் தில்லுமுல்லுக்கும் இடம் நிறைய. நேர்மையாகக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கும் என்றே நினைக்கிறேன்.

மகளிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: காட்டுக்குள் ஒரு முழு நாள் நனைந்து, வியர்த்து, மறுநாள் மறுபடி போக முடியுமா என்று. ஆம் என்றால் விடுங்கள்.

வயது 41. வங்கியில் தரவு பகுப்பாய்வு வேலை. வார இறுதியில் மெக்ரிட்சியில் நடக்கப் போய்ப் போய்க் காடு பிடித்துவிட்டது. உயிரியல் படித்ததில்லை. இப்போது மாஸ்டர்ஸ் என்பது கிறுக்குத்தனமா? — வாசகர், பொங்கோல்

கிறுக்குத்தனம் இல்லை. உயிரியல் படித்துவிட்டு வரும் பிள்ளைகளை இரண்டாம் மாதமே அழவைப்பது புள்ளியியல்தான், அதுதான் உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழியில் பழக்கம் இல்லை என்றால் பழகுங்கள், இலவசம், சூழலியல் ஆட்கள் எல்லோரும் அதில்தான் பேசிக்கொள்வார்கள். வரைபட வேலைக்கு கியூஜிஐஎஸ், அதுவும் இலவசம்.

வங்கித் தரவுக்கும் காட்டுத் தரவுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பக்கத்துப் பக்கத்து மரங்கள் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் கணக்கு பொய்யாகிவிடும். ஒரே மண், ஒரே சரிவு, ஒரே தாய். தாய் என்றதும் ஞாபகம் வருகிறது: 1970இல் டேனியல் ஜான்சென்னும் 1971இல் ஜோசப் கானலும் தனித்தனியாக ஒரு யோசனையைச் சொன்னார்கள். தாய் மரத்தின் அடியில்தான் விதை அதிகம் விழும், ஆனால் அந்த இனத்தையே தின்னும் பூச்சியும் பூஞ்சையும் அங்கேதான் கூடியிருக்கும், ஆகவே தாயின் காலடியில் கன்று பிழைப்பது கடினம், தள்ளி விழுந்தது பிழைக்கும், அதனால் எந்த இனமும் காட்டை முழுக்க ஆக்கிரமிக்க முடியாது. ஒரு ஹெக்டரில் இத்தனை இனங்கள் எப்படிச் சேர்ந்து வாழ்கின்றன என்பதற்கு இது ஒரு விளக்கம். ஐம்பது வருஷத்துக்கும் மேலாக இதை வைத்துச் சண்டை ஓயவில்லை. விளைவு உண்டு என்கிறார்கள் சிலர், தரவைத் தவறாகக் கையாண்டதால் வந்த தோற்றம் என்கிறார்கள் வேறு சிலர். அந்தச் சண்டையில் பெரும்பகுதி புள்ளியியல் சண்டைதான், உங்களைப் போன்றவர்கள் இறங்க வேண்டிய இடம். பாரோ கொலராடோவின் மரக் கணக்கெடுப்புத் தரவு பொதுவில் இருக்கிறது, யாரும் எடுத்துப் பார்க்கலாம். படிப்பில் சேருவதற்கு முன்னால் ஒரு மாதம் அதோடு மல்லுக்கட்டிப் பாருங்கள். பிடித்தால் பகுதிநேரப் படிப்பாகப் பாருங்கள். வேலையை உடனே விடாதீர்கள்.

குறை என்று சொன்னால் மரம் அடையாளம் தெரியாதது. அதற்குக் குறுக்குவழி கிடையாது. பூமலைக்கு, அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு, 1859இலிருந்து வரலாறு இருக்கிறது, அங்கே உள்ள உலர்தாவரத் தொகுப்பில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள். ஆனால் நீங்கள் அங்கிருந்து தொடங்க வேண்டாம், உங்கள் புளோக்குக்குக் கீழே நிற்கும் மரங்களின் பெயரை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். தெம்புசு எது, அங்சானா எது, மழைமரம் எது என்று இலையைப் பார்க்காமல் பட்டையை மட்டும் பார்த்துச் சொல்லப் பழகுங்கள், காட்டுக்குள் இலை எல்லாம் முப்பது மீட்டர் மேலேதான் இருக்கும்.

மேட்டுப்பாளையத்தில் பி.எஸ்சி. வனவியல் முடித்துவிட்டு இங்கே நிலவனப்பு நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். மேலே படிக்க ஊருக்குத் திரும்புவதா, இங்கேயே பார்ப்பதா? — வாசகர், சுவா சூ காங்

தம்பி, நீங்கள் படித்த வனவியலும் இந்தச் சூழலியலும் அண்ணன் தம்பி மாதிரி, ஒன்றல்ல. வனவியல் காட்டை எப்படி நிர்வகிப்பது என்று கேட்கும். சூழலியல் அது எப்படி இயங்குகிறது என்று கேட்கும். எதில் மனம் போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பணக் கணக்கில் பார்த்தால் ஊர்தான். வனவியலைத் தொடர்வதென்றால் உங்கள் மேட்டுப்பாளையம் கல்லூரியே இருக்கிறது, டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. சூழலியல் என்றால் புதுச்சேரிப் பல்கலைக்கழகம், அப்புறம் பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் வனவிலங்கு உயிரியல் முதுநிலை. கடைசியாகச் சொன்னதில் இடம் மிகக் குறைவு, போட்டி கடுமை.

இன்னொரு காரணமும் உண்டு. முதுமலையில் 1988இலிருந்து இந்திய அறிவியல் கழகம் ஓர் ஆய்வுப் பகுதி நடத்துகிறது, பாசோ போலவே 50 ஹெக்டர். பாசோவில் 800க்கு மேல் என்றேனே, முதுமலையில் 70 சொச்சம் இனங்கள்தான். வெண்தேக்கு, கருமருது, தேக்கு, கொன்றை, எல்லாம் உங்களுக்குத் தெரிந்த பெயர்கள். ஆனால் அங்கே தீ உண்டு, வறட்சி உண்டு, யானை உண்டு. கிடியா என்ற சின்ன மரம் யானை உடைத்துத் தின்றே வேகமாகக் குறைந்ததை அந்தக் கணக்கெடுப்பில்தான் பார்த்தார்கள். சிங்கப்பூர்க் காட்டில் இப்படி ஒரு பாடம் கிடைக்காது. இங்கே வேலை செய்த அனுபவத்தையும் விண்ணப்பத்தில் ஒழுங்காக எழுதுங்கள், மரத்தை வெட்டித் திருத்திப் பராமரித்த கை சும்மா இல்லை.

சிங்கப்பூரிலேயே செய்யக்கூடிய ஆய்வேட்டுத் தலைப்பு ஒன்றிரண்டு சொல்ல முடியுமா? எல்லோரும் புக்கிட் தீமா என்கிறார்கள். — மாணவர், ஜூரோங் வெஸ்ட்

புக்கிட் தீமாவை விடுங்கள், அங்கே கூட்டம். ஒருமுறை அழிந்து மறுபடி முளைத்ததால் இரண்டாந்தரக் காடு என்று யாரும் மதிக்காத இடங்களைப் பாருங்கள். கம்பீர் போட்டு மண்ணைச் சக்கையாக உறிஞ்சிவிட்டுப் போன இடங்களில் தியூப்-தியூப் என்ற மரம் ஆதிக்கம் செலுத்தும் புதர்க்காடு முளைத்தது. மண் அமிலம், சத்து இல்லை, பல பத்தாண்டுகள் ஆகியும் பெரிய காடாக மாறாமல் அப்படியே நிற்கிறது. ஏன் மாறவில்லை? விதை வரவில்லையா, வந்தும் மண் விடவில்லையா? விதைத்தும் பார்க்கலாம், மண்ணுக்கு உரம் போட்டும் பார்க்கலாம், ஒரு வருஷத்தில் ஏதாவது தெரியும்.

அல்பீசியா காடு இன்னொன்று. வெளியிலிருந்து வந்த மரம், வேர் முடிச்சில் நைட்ரஜன் பிடிக்கும், மளமளவென வளர்ந்து புயல்காற்றில் முறிந்து விழும். அதனடியில் உள்ளூர் இனங்கள் எழும்புகின்றனவா என்பது நல்ல கேள்வி. கம்பத்துக் காடுகள், அதாவது பழைய கிராமங்கள் இருந்த இடத்துக் காடுகள், எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்தவை: ஆட்கள் காலி செய்துபோன இடத்தில் டுரியானும் ரம்புத்தானும் ரப்பரும் காட்டோடு கலந்து நிற்கும். மனிதன் நட்டது எவ்வளவு காலம் நிலைக்கிறது, யார் அந்தக் கொட்டைகளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று ஒருவர் உட்கார்ந்து பார்க்கலாம்.

எதைச் செய்தாலும் இயற்கை வனப்பகுதிக்குள் ஆய்வு என்றால் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். அதற்கு நேரமாகும், முதல் பருவத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

பாம்பு, அட்டை எல்லாம் இருக்குமே, பயமாக இருக்காதா? — வாசகி, பிடோக்

அட்டை கடித்தால் கொஞ்சம் ரத்தம் போகும், அவ்வளவுதான். பாம்பு பெரும்பாலும் உங்களைப் பார்த்ததும் ஓடிவிடும். பயப்பட வேண்டியவை மின்னலும், மேலிருந்து விழும் கிளையும், குளவிக் கூடும். வானம் கறுத்தால் நாடாவைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள், அளவை நாளைக்கு எடுக்கலாம். குரங்கு பையைப் பிடுங்கினால் இழுத்துச் சண்டை போடாதீர்கள். களக் குறிப்பேட்டை மட்டும் பையில் வைக்காமல் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள்.